நாலாம் நம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துக் கால் மணி நேரம் ஆயிற்று, அந்த ஒரு வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. நீ பாலோ ஸ்டேஷனில் சிங்கப்பூர் ரயில் ஏறிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளில் நான் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக நினைவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மெஷின் ஓடாது, எனக்கும் வேலை இல்லை. இருந்தும் காலையிலிருந்து இரண்டு முறை இன்ஜின் கொட்டகைக்குப் போய், ஆறிக் கிடக்கிற இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் அம்மா. பெண்ணைப் பிடிக்காமல் இல்லை, பெண் வீட்டாரோடு மனத்தாங்கலும் இல்லை. காரணம் நான். உனக்கே தெரியாமல் நீயும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறாய். அதனால் உனக்கு முழுவதும் தெரிய வேண்டும்.

தங்காக்கில் பெண் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்தோமே, அதற்கு மறுநாள் சாயங்காலம் நினைத்துப் பார். நீ பாட்டுப்பெட்டியில் இசைத்தட்டை வைத்தாய், பழைய பழக்கத்தில் திருகை நாலில் நிறுத்தினாய். ஊசி பட்டதும் வீடு அதிர்ந்தது. நீ தோளைக் குறுக்கி ஒரு காதைப் பொத்திக்கொண்டு சட்டென்று ஒன்றுக்குத் திருப்பினாய். அப்படியும் சத்தம் அடங்கவில்லை என்றதும் ஊசியையே தூக்கிவிட்டுச் சிரித்தாய். "என்னப்பா, இதுக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று கேட்டாய். நானும் சிரித்து மழுப்பினேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ தோளைக் குறுக்கிய அந்த ஒரு நொடியில், ஒன்றரை வருஷமாக நான் மூடி வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் உன்னை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாட்டுப்பெட்டியின் மேல், மலைக்காய்ச்சல் வராமலிருக்கக் குடிக்கிற கொய்னா மருந்து பாட்டில் இருந்தது. பக்கத்தில் அம்மா நின்றாள். "நாலு எப்பலேருந்துங்க நாலா இல்ல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டாள். இந்தக் கேள்வி உனக்கு விளங்க வேண்டுமென்றால் நான் பழைய கதைக்குப் போக வேண்டும். பொறுத்துக்கொள், அப்பா நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

உன் தங்கை காய்ச்சலில் போனபோது உனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கொய்னாமேல் வந்த நம்பிக்கை சாமிமேல்கூட வந்ததில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆஸ்பத்திரி டிரெசர் வாயில் ஊற்றிவிடுவார், நீ பார்த்திருக்கிறாய். நம் வரிசை வீடுகளுக்கு அதே கொய்னாத் தண்ணீர் பாட்டிலில் வரும், ஆளுக்கு இவ்வளவு என்று அளவு சொல்லி. எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. முதல் வாரத்திலேயே என் பங்கை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். கொட்ட மனம் வராமல் அவள் அதையும் குடித்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை தம்பி, வருஷக்கணக்கில். நீ குளுவாங்கில் படிக்கப் போன பிறகு உன் பங்கு வருவது நின்றது, அவள் குடித்த என் பங்கு நிற்கவில்லை. காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று அவள் சொன்னபோது, மருந்து உடம்பில் பிடிக்கிறது என்று அர்த்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒரு வாய்க் கசப்புக்குப் பயந்து நான் செய்தது இது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய பெரிய துரை சீமைக்குத் திரும்பினார். ரிப்பேரான தன் மின்சாரப் பாட்டுப்பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். ஊசியின் ஓசையை வால்வுகள் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வகை. வால்வு, வயர் எல்லாம் சரிசெய்து ஓடவிட்டேன், ஆனால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒழுங்குக்கு வரவில்லை. உள்ளே இருந்த கரித்தடம் தேய்ந்துபோய், தொட்டால் கரகரவென்று இரையும். முழுச் சத்தத்தில் வைத்தால் இரைச்சல் இல்லை, ஆனால் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர், அந்தப் பக்கம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் கைக்குழந்தை. அம்மாவுக்கோ காதுக்குள்ளேயே ஓர் இரைச்சல். அதன்மேல் இந்தக் கரகரப்பும் சேர்ந்தால் பாட்டு எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவள் எழுந்து போகாத ஒரு பெட்டி வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் தேய்ந்த திருகுக்குப் பதிலாக ஒரு ட்ரான்ஸ்பார்மரைக் கட்டினேன். மற்றவர்களிடம் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

பெட்டியோடு துரை விட்டுப்போன ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் யோசனை இருந்தது. தடை போட்டு ஓசையை அடக்குவதற்குப் பதிலாக, செம்புக்கம்பிச் சுருள் ஒன்றைச் சுற்றி, நடுநடுவே கிளைகளை வெளியே இழுத்து, பெட்டியின் ஓசை முழுவதையும் சுருளுக்குக் கொடுத்து, எந்தக் கிளையைத் தொடுகிறோமோ அந்த அளவு மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும்படி செய்வது. தேய்வதற்கு அதில் ஒன்றுமில்லை, அதனால் கரகரப்பும் இல்லை. கிராணி கேட்டுவிட்டுச் சிரித்தார். நம் டைனமோ மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவது, அதில் ட்ரான்ஸ்பார்மர் வேலை செய்யாது என்றார். டைனமோ எப்படி ஓடினால் என்ன, பாட்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதானே வருகிறது, சுருளுக்கு அது போதும் என்று நான் அவரிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். அப்போது எனக்கு யாரையாவது வாதத்தில் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடைந்த மின்சாதனத்திலிருந்து இரும்புத் தகடுகளை உருவி எடுத்தேன். சிங்கப்பூரில் பழைய சாமான் விற்கும் தெருவிலிருந்து எனாமல் பூசிய செம்புக்கம்பி வந்தது. சுற்றுகளுக்கு நடுவே வைக்க அம்மா மெல்லிய காகிதத்தை மெழுகில் தோய்த்துக் கொடியில் காயப்போட்டாள். மரச்சட்டத்தின் நடுவே இரும்புத்தண்டைச் செருகி ஓரத்தில் ஒரு கைப்பிடி வளைத்தேன். நான் விரலிடுக்கில் கம்பியை ஓட்டிக் கொடுக்க வேண்டும், அவள் கைப்பிடியைச் சுற்றி எண்ண வேண்டும். அதுதான் ஏற்பாடு. உன் அம்மாவைப் பெற்றவர் அரிசிக் கடையில் படி அளந்தவர் என்பது உனக்குத் தெரியும். அவர் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். அம்மாவும் அப்படித்தான் தொடங்கினாள். லாபம், ரெண்டு, மூணு என்று. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. நூறு சுற்றுக்கு ஒரு கிளை என்பது என் கணக்கு. நாலு கிளை முடிந்த பிறகுதான் சந்தேகம் வந்து எத்தனையில் நிறுத்துகிறாய் என்று கேட்டேன். "நூத்தியொண்ணு. மொட்டையா நூறுல நிறுத்துவாங்களா?" என்றாள்.

மொய் எழுதினாலும் பாக்கு வைத்தாலும் மேலே ஒன்று வைக்கிற ஜாதி நாம். அவள் கம்பிக்கும் வைத்துவிட்டாள். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கணக்குத் தெரியாத முண்டம் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். நானூற்றுச் சொச்சம் சுற்றையும் அவள் கண்ணெதிரே அவிழ்த்துத் தரையில் போட்டேன். சிக்கலாகக் கிடந்த கம்பியைத் துணியில் பிடித்து இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தனியாகவே நூறு நூறாக ஒன்றுகூடப் பிசகாமல் மறுபடி சுற்றினேன். மாட்டிப் பார்த்தால் கேவலமாக இருந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய பாய்ச்சல், ஆறுக்குமேல் எதில் வைத்தாலும் ஒரே சத்தம். பத்திரிகையை மறுபடி படித்தபோதுதான் அவசரத்தில் நான் தாண்டிப்போன பத்தி கண்ணில் பட்டது. காதுக்குக் கூட்டல் தெரியாது தம்பி, பெருக்கல்தான் தெரியும். ஒவ்வொரு கிளையும் முந்தியதைவிட இவ்வளவு மடங்கு என்று ஏறினால்தான் காதுக்குச் சமமான படியாகக் கேட்கும். அடியில் கொஞ்சம் சுற்று, மேலே போகப்போக நிறைய. ஆக, என் நூறே தப்பு. அவள் வைத்த ஒன்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது முறை சுற்றும்போது எனக்கு எண்ணிக்கை ஓடவில்லை, பாதியில் பாதியில் விட்டுப்போயிற்று. அவளையே கூப்பிட்டேன். வந்தாள். லாபம் என்றுதான் தொடங்கினாள், ஆனால் நான் சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினாள். மேலே வைக்கும் அந்த ஒன்றை வாய்க்குள்ளேயே முழுங்கிக்கொண்டாள். கடைசியில் பத்துப் பித்தளை ஆணிகளை வளைவாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைப் பற்றவைத்து, திருகினால் ஆணி ஆணியாகத் தொடும்படி ஒன்று முதல் பத்து வரை எண் போட்டேன். "பத்தோட நிக்குதே, பதினொண்ணா வைங்களேன்" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். பத்துதான் முழுச் சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று வாயை அடைத்தேன். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. பெட்டி நன்றாகப் பாடியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நன்றாகத்தான் பாடியது. நாலில் வைத்தபோது அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது, இது போதும், இதிலேயே இரைச்சல் மறந்துபோகிறது என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டு நம்பர் நாலு. விளக்கு ஏற்றியதும் டைனமோ மின்சாரம் வரும், நாலில் ஒரு தட்டு, பிறகுதான் அடுப்படி. நீ சனி ஞாயிறு வரும்போதெல்லாம் பார்த்ததுதான். நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன சில மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அவள் ஐந்துக்குத் திருப்பினாள். திருப்பிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுவதும் பெட்டியைத் தொடவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே அழுதாள், புகை என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்து ஈயத்தை இளக்கி ஒவ்வொரு கிளையையும் ஓர் ஆணி தள்ளிப் பற்றவைத்தேன். அன்று சாயங்காலம் நாலில் வைத்துக் காட்டினேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக எதையும் செய்யலாம் என்று அப்போது தோன்றியது.

அப்படி ஐந்து தடவை தள்ளினேன். இப்போதைய நாலு என்பது பழைய ஒன்பது. அதனால்தான் நீ ஒன்றுக்குத் திருப்பியும் அடங்கவில்லை, அந்த ஒன்று பழைய ஆறு. போன தீபாவளிக்கு நீ வந்தபோது பெட்டி ரிப்பேர் என்று சொன்னேனே, ரிப்பேர் இல்லை. கிராணியிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் மனைவி அந்த நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலாய்க் கம்பத்துப் பக்கம் நடக்கப் போய்விடுவாள். நான் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் கேட்கப் பழகியிருந்தேன். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை தம்பி, அதை நினைத்து மருகாதே.

இதோ, எழுந்துபோய் மழையைப் பார்த்துவிட்டு வந்தேன். இனி எழுதப்போவதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. உன்னை ரயிலேற்றிய அன்று காலை அம்மா கேட்டதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டாள், ஐந்து என்றேன். அவள் கொய்னா பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள். "டிரெசர் அப்பவே சொன்னாருங்க, காது மந்தமானா அன்னிக்கே இத நிறுத்திடணும்னு. நான் தினம் சாயங்காலம் நாலுல வச்சுப் பாத்துட்டுத்தான் மறுநாள் குடிச்சேன்" என்றாள்.

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் பாட்டிலைப் பிடுங்கிவிடுவேன், பிறகு இந்த வீட்டில் யாருமே கொய்னா குடிக்காமல் இன்னொரு காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்து அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அழுதது பாட்டுக்காக என்று நான் நினைத்தேன். அவள் அந்த வாரம் அழுதது, இனி கொய்னாவை நிறுத்த வேண்டுமே, நிறுத்தினால் காய்ச்சல் வந்து நம்மில் யாரைக் கொண்டுபோகுமோ என்று. நான் நாலை அவளுக்குத் திருப்பிக் கொடுத்ததும் நிம்மதியாகக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். ஒன்றரை வருஷம். நான் கம்பியை மாற்றாமல் இருந்திருந்தால் ஐந்திலேயே, மிஞ்சிப்போனால் ஆறிலேயே நின்றிருக்கும். போன காது திரும்பி வருமா என்று டிரெசரைக் கேட்டேன். சிலருக்கு வரும், இத்தனை நாள் ஆன பிறகு சொல்ல முடியாது என்றார். வரும் வாரம் ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டப் போகிறேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றது அதற்கு அடுத்த நாள். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா மெதுவாகப் பேசுகிறவள், சாதுவான பெண்பிள்ளை என்று அம்மா என்னிடம் மெச்சியிருந்தாள். அந்த அம்மா மெதுவாகப் பேசவில்லை என்று இப்போதுதான் அவளுக்குப் புரிகிறது. எதற்குத் தலையாட்டினோம், எதற்குச் சிரித்தோம் என்று நினைத்து நினைத்துக் கூசிப்போகிறாள். "சபையில அவங்க ஒண்ணு கேக்க நான் ஒண்ணு சொல்லி, எம்புள்ள தலை குனியணுமா? நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள். லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. சமைக்கிறாள், பரிமாறுகிறாள், நான் சொல்வதை என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். நான் சொல்வதை நம்புகிறாளா என்பதுதான் தெரியவில்லை. தை மாதம் மணவறையில் உன் பக்கத்தில் அம்மா இல்லாமல் நான் மட்டும் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிடுகிறாள், பேனாவை வைக்கிறேன்.

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று திங்கள், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, இன்ஜின் கொட்டகையிலேயே கருவிப் பெட்டிமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கையில் எண்ணெய், கறையைப் பொருட்படுத்தாதே.

நேற்று அவள் கூப்பிட்டது பெட்டியைத் திறக்கச் சொல்லி. கம்பிகளைப் பழையபடி மாற்றுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றாள். ஈயம் பற்றவைக்கும் கோலை அடுப்பில் காயவைத்து ஒவ்வொரு கிளையாக எடுத்தேன். எந்தக் கம்பி எந்த ஆணிக்கு என்று அவளே விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடவிட்டாள். ஆறரைக்கு டைனமோ ஓடத் தொடங்கியது. தட்டை வைத்தேன். "நீங்க பின்னால போய் நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவளே திருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் கொஞ்சம் நின்றாள். எனக்கு அருமையாகக் கேட்டது, ஒவ்வொரு சொல்லும். அவள் தலை அசையவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் பலகைச் சுவர் அதிர ஆரம்பித்தது. ஒன்பதில் அவள் கை பாதி எழுந்து இறங்கியது. பத்தில்தான் இது போதும் என்பதுபோல் விரலைத் தூக்கினாள்.

பத்து என்றாள். நான் முன்னால் வந்தேன். "அன்னிக்கே பதினொண்ணா வைங்கன்னேன்" என்றாள். வைக்கலாம் என்றேன். உண்மையிலேயே வைக்கலாம் தம்பி. ஓசை உள்ளே வரும் இடத்துக்கு மேலேயும் சுருளைத் தொடர்ந்து சுற்றினால், வந்ததைவிடச் சற்று ஏற்றித் தரும். கொஞ்சம் கரடுமுரடாக வரும், ஆனால் வரும். பத்துக்குமேல் ஒன்றுமில்லை என்று அன்று நான் சொன்னது தெரிந்தே சொன்ன சோம்பேறிப் பதில். அதையும் சொன்னேன். அந்த நூற்றியொன்றுக்காகத் திட்டியது தப்பு, அந்த வார்த்தையே தப்பு என்று சொன்னேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். இன்னும் பலமாகச் சொல்லுங்கள் என்றாள். மூன்றாவது தடவை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, கிராணி வீட்டில் பேச்சு நின்றுபோனது எனக்கே தெரிந்தது. திட்டியது லைனுக்கே கேட்டது, மன்னிப்புக் கேட்டதும் கேட்கட்டும். முதல் தடவையே அவளுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் மூன்றாவது தடவைக்கு முன்பே அவள் உதட்டோரம் அசைந்தது.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன், இப்போது ஒன்றுதான் மிச்சம். உன்னை நம்பி வருகிறவளுக்கு இது தாங்கும், இது தாங்காது என்று நீயே தீர்மானம் செய்து, அவள் பார்க்கும் எண்ணுக்குப் பின்னால் கம்பியை மாற்றிவிடாதே. பாசத்தில்தான் செய்கிறோம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார். வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் கை பரபரக்கும், அப்போதும் உட்கார்ந்தே இரு. அதை நான் செய்ததில்லை, இப்போதுதான் பழகிப் பார்க்கிறேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், ஆனால் ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டால்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் புள்ளைகிட்டயும் அவங்க வீட்டுலயும் தம்பியே முன்கூட்டிச் சொல்லணும். பத்துன்னு சொல்லணும். ஒம்பதுன்னு குறைச்சுச் சொல்ல வேணாம்." ஆகையால் நீ தங்காக்குக்கு ஒரு நடை போய் வா. கடிதம் வேண்டாம், நேரில் போ. அம்மாவுக்கு முக்கால்வாசி காது போய்விட்டது, முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும், அவள் தப்பாகப் பதில் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது என்று உன் வாயாலேயே சொல். அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்து எங்களிடம் மறைக்காமல் சொல். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு இடம் போடச் சொல்ல மறக்காதே. அதற்கு ஒரு நம்பரும் தேவையில்லை.

இன்று விடியற்காலையே பதினொன்றாம் கிளையை ஆரம்பித்துவிட்டோம். நான் கம்பி ஓட்டினேன், அவள் கைப்பிடியைச் சுற்றினாள். லாபம் என்று அவள் தொடங்கியபோது நான் கம்பியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துவிட்டேன், கம்பி ஓர் இடத்தில் மேலேறிவிட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பாதியில் கம்பி தீர்ந்துபோயிற்று. வரும்போது அந்தப் பழைய சாமான் தெருவில் ஒரு சின்ன உருளை வாங்கி வா, அளவுக்கு ஒரு துண்டு இதோடு வைத்திருக்கிறேன். கொய்னா பாட்டில் இப்போது என் பக்கத்தில் இருக்கிறது. என் பங்கை நானே குடிக்கிறேன், கசப்பாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன், அவள் எதையாவது அடித்துத் திருத்தியிருந்தால் அவள் திருத்தியதே சரி. சுற்று எத்தனையில் நின்றது என்று நான் எழுதி வைக்கவில்லை. அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா